பசை, கரைப்பான் புழங்கும் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்குக் கால் மரத்துப்போவது ஏன்?

சில ஷூ பசைகளிலும், உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கும் திரவங்களிலும் ஹெக்ஸேன் என்ற கரைப்பான் இருக்கும். காற்றோட்டமில்லாத இடத்தில் அதன் ஆவியை மாதக்கணக்கில் சுவாசித்தால் கை, கால் நரம்புகள் பழுதாகும். இதுதான் நரம்பு நச்சுப் பாதிப்பு.

உண்மையில் வில்லன் ஹெக்ஸேன் அல்ல, கல்லீரல் அதை உடைக்கும்போது உருவாகும் இன்னொரு பொருள். அது நரம்பு இழைக்குள் உள்ள புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால், இழையின் நுனி வரை போகவேண்டிய சரக்கு நடுவழியில் தேங்குகிறது. நீளமான குழாயில் அடைப்பு விழுந்தால் கடைக்கோடி வீட்டுக்குத்தானே முதலில் தண்ணீர் நிற்கும்? அப்படித்தான், மிக நீளமான நரம்பு முடியும் பாதம் முதலில் மரத்துப்போகிறது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாது. அப்புறம் கைவிரல்கள், சட்டைப் பொத்தான் போடவே தடுமாறும்.

வேலையை விட்ட பிறகும் சில வாரங்கள் மோசமாகிவிட்டுத்தான் தேற ஆரம்பிக்கும். நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும், பொறுமை வேண்டும்.

“வாசனை பழகிவிட்டது, இனி ஒன்றும் செய்யாது” என்பார்கள். பழகியது மூக்கு மட்டும்தான், நரம்பு அல்ல.