ஓட்டுநர் உதவி வசதி: இப்போதே வாங்கவா, விலை குறையட்டுமா?

வணக்கம் நண்பரே. வாரம் ஒருமுறை காட்பாடியிலிருந்து கிருஷ்ணகிரி போய்வருவதாகச் சொன்னீர்கள். அடாஸ் (ADAS) எனும் ஓட்டுநர் உதவி வசதி இல்லாத மின்சார காரை இப்போது எடுத்து, விலை இறங்கியதும் அதைச் சேர்த்துக்கொள்ளலாமா என்பது உங்கள் கேள்வி. வேண்டாம், அப்படிக் காத்திருக்காதீர்கள்.

விலை இறங்கியது அமெரிக்க மின்சார கார் நிறுவனமான டெஸ்லாவின் கதை. அமெரிக்காவில் அவர்களுடைய ‘ஃபுல் செல்ஃப் டிரைவிங்’ எனும் ஓட்டுநர் உதவி மென்பொருள் 2022இல் 15,000 டாலர், 2023இல் 12,000, 2024 ஏப்ரலில் 8,000. மாதச் சந்தாவும் 199 டாலரிலிருந்து 99 ஆனது. ஆனால் அங்கே கேமராக்கள் காரிலேயே இருக்கின்றன, பணம் கட்டினால் மென்பொருள் திறக்கும். நம் ஊரில் விற்கும் பெரும்பாலான கார்களில் ரேடாரும் கேமராவும் மேல் வேரியண்டில்தான் வரும். கீழ் வேரியண்டில் அந்தப் பாகங்களே இருக்காது, பிறகு எதைத் திறப்பது? முன்பதிவு செய்யும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி முன்னால் போகும் லாரிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குரூஸ் கன்ட்ரோல் உண்மையிலேயே களைப்பைக் குறைக்கும். ஆம்பூர் பக்கம் எதிர்த்திசையில் பைக் வரும், அங்கே காரை நம்பி இருக்கவே கூடாது. காட்பாடி நெரிசலில் பெரிய பயன் இல்லை.

அப்புறம், முன் கண்ணாடி உடைந்து மாற்றினால் அதன் பின்னால் இருக்கும் அடாஸ் கேமராவை மறுபடி அளவுதிருத்தம் (கேலிபரேஷன்) செய்ய வேண்டும். அந்தச் செலவைக் காப்பீடு ஏற்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்ஜெட் இடித்தால் அடாஸைவிடப் பெரிய பேட்டரிக்கே முதலிடம் கொடுங்கள். டெஸ்ட் டிரைவை ஊருக்குள் முடிக்காமல் நெடுஞ்சாலையில் கேளுங்கள்.