அடிக் கான்கிரீட் மூடுவதற்குள் அளந்துவிடுங்கள்

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் ஊரணி வரை 180 மீட்டர் மழைநீர் வடிகால் கட்ட டெண்டர் விட்டார்கள். டெண்டர் எடுத்தவர் ஒருவர், வேலை செய்வது வேறொருவர். அடிக் கான்கிரீட் மெல்லிசாகத் தெரிகிறது. கேட்டால், ‘டெண்டர் முறையாக முடிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது’ என்கிறார்கள். உண்மைதானா ஐயா?
- ஓர் ஆச்சி, காரைக்குடி வட்டம்

பதில்: இல்லை ஆச்சி. டெண்டரில் கலந்துகொண்டவர்தான் 1998-ஆம் வருட டெண்டர் சட்டப்படி மேல்முறையீடு செய்யலாம். அது மட்டும் சரி. ஆனால் அதே சட்டம், யாருக்கு வேலை கொடுத்தார்கள், மற்றவர்களை ஏன் தள்ளினார்கள் என்பதை டெண்டர் புல்லட்டின் என்ற அரசு வெளியீட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

வேலை செய்பவர் வேறு என்கிறீர்கள். எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் உள்குத்தகை விடக் கூடாது என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். ஒப்பந்த நகலைக் கேளுங்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது அந்த அடிக் கான்கிரீட். நான் ஓவர்சீயராக இருந்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வடிகாலை அளக்கப் போனபோது சுவர் எழும்பியிருந்தது, அடி மூடியிருந்தது. கான்ட்ராக்டர் சொன்ன கனத்தை அப்படியே எம் புக்கில், அதாவது பில்லுக்கு ஆதாரமான அளவுப் புத்தகத்தில், எழுதினேன். இரண்டாவது மழைக்காலத்தில் அடி விரிசல் விட்டு, தண்ணீர் ஓடும் வாட்டம் கெட்டு, தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. அந்தப் பக்கத்தில் இருந்தது என் கையெழுத்து. அதற்குப் பிறகு கண்ணால் பார்க்காத எதையும் நான் எழுதியதில்லை.

கணக்கைப் பாருங்கள். 180 மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் கனம் என்றால் 16.2 கன மீட்டர் கான்கிரீட். கனம் 6 ஆகிவிட்டால் 9.72 தான். மிச்சம் ஏறக்குறைய ஆறரைக் கன மீட்டர், போடாமலேயே பில்லில் ஏறிவிடும். பேரேடு எழுதிப் பழகிய ஊர் நம்முடையது. இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதனால் நாளைக்கே செயல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். சுவர் எழுப்புவதற்கு முன் அடிக் கான்கிரீட்டை அளந்து எம் புக்கில் பதிய வேண்டும், தெருக்காரர்கள் முன்னிலையில் அளக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். பேரூராட்சிகளின் உதவி இயக்குநருக்கும் ஒரு நகல் போகட்டும். நீங்களும் டேப் வைத்து, தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் மட்டும் அளக்காதீர்கள். ஓரம் கனமாக இருந்து, நடுவில் குறைந்திருக்கலாம்.

அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி இன்னொரு மனு. எஸ்டிமேட், வேலை உத்தரவு, ஒப்பந்தம், எம் புக் பக்கங்கள், பில் ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் மாதிரியைச் சான்றோடு பெறவும் அந்தச் சட்டத்தின் 2(j) பிரிவில் இடம் உண்டு. இது பலருக்குத் தெரியாது. பதில் வர 30 நாள் ஆகலாம். அதற்குள் அடி மூடிவிடும் என்பதால்தான் முதல் மனுவை முந்திக் கொடுக்கச் சொன்னேன். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

எம் புக் நகல் வந்தால் அடித்தல் திருத்தலைக் கவனியுங்கள். தப்பை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைப்பதுதான் முறை. அளந்த தேதியையும் உங்கள் படத்தின் தேதியையும் ஒப்பிடுங்கள். முறைகேடு தெளிவாகத் தெரிந்தால் உள்ளாட்சிகள் மீதான முறைகேட்டுப் புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி முறைமன்ற நடுவரிடம் போகலாம்.

கடைசி பில் பட்டுவாடா ஆவதற்குள் இதையெல்லாம் செய்துவிடுங்கள். எம் புக் பக்கங்களையும் நீங்கள் எடுத்த அளவுகளையும் எனக்கு அனுப்பினால், நான் உட்கார்ந்து கணக்குப் பார்த்துத் தருகிறேன்.