குதிரையின் இதயத் துடிப்புக் கோளாறுகள்: மயக்க மருந்து, பேஸ்மேக்கர் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: விதையடிப்புக்கு முன் எடுத்த ஈசிஜியில், நாலைந்து துடிப்புக்கு ஒன்று விடுபடுகிறது. அறுவையைத் தள்ளிப்போட வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் தேவையில்லை. ஓய்வில் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்புகள்தான். இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கும். ஈசிஜியில் பி அலை (மேலறைத் துடிப்பு) வந்து, அதன்பின் கியூஆர்எஸ் (கீழறைத் துடிப்பு) வராமல் போவது இரண்டாம் நிலை ஏவி தடை: மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சைகை இடையிடையே போகாமல் நிற்பது. குதிரையைச் சற்று ஓடவிட்டுப் பாருங்கள். தடை மறைந்துவிட்டால் அது இயல்பு. ஓடியும் மறையாவிட்டாலோ, அடுத்தடுத்துப் பல துடிப்புகள் விடுபட்டாலோ 24 மணி நேர ஹோல்ட்டர் (தொடர் ஈசிஜி) பதிவு எடுத்த பிறகே அறுவை.

கேள்வி: சைலசின் (அமைதிப்படுத்தும் ஊசி) போட்டதும் துடிப்பு 22-க்கு இறங்கிவிட்டது. துடிப்பை வேகப்படுத்தும் அட்ரோபின் கொடுக்கலாமா?

பதில்: முதலில் இரத்த அழுத்தத்தைப் பாருங்கள். சைலசின், டெட்டோமிடின் போன்றவை இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. அழுத்தம் ஏறுவதால் இதயம் தானாக மெதுவாகிறது. இந்த நிலையில் அட்ரோபின் கொடுத்தால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறும். குடலும் அசைவற்றுப்போய், பின்னர் வயிற்று வலி வரும். சராசரி தமனி அழுத்தம் 70 மி.மீ.க்கு மேல் நின்றால் காத்திருங்கள். ஐசோஃப்ளூரேன் மயக்க வாயுவில் கிடக்கும்போது அது 70-க்குக் கீழே போனால், அடியில் நசுங்கும் தசைகளுக்கு இரத்தம் போகாது. விழித்த பிறகு குதிரையால் எழ முடியாமல் போகலாம். அப்போது வாயுவைக் குறைத்துவிட்டு, இதயத்தை வலுவாகச் சுருங்கவைக்கும் டோபுட்டமினைக் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.5 மைக்ரோகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள்.

கேள்வி: மூன்றாம் நிலை (முழுமையான) ஏவி தடையால் மயங்கி விழும் குதிரைக்குப் பேஸ்மேக்கர் வைக்க வேண்டும். மயக்க மருந்தை எப்படிக் கொடுப்பது?

பதில்: தற்காலிக பேசிங் கம்பி (மின்சாரத்தால் இதயத்தைத் துடிக்கவைக்கும் கம்பி) முதலில், மயக்க மருந்து பிறகு. இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள். இக்குதிரையை உயிரோடு வைத்திருப்பது கீழறை தானாகத் துடிக்கும் நிமிடத்துக்கு 10 முதல் 20 துடிப்புகள்தான். ஒரு சைலசின் ஊசி அதையும் நிறுத்திவிடலாம்.

குதிரை நின்ற நிலையிலேயே, தோலுக்கு மட்டும் லிக்னோகெய்ன் மரப்பு மருந்து போட்டு, கழுத்துச் சிரை வழியாக இருமுனைக் கம்பியை வலது கீழறைக்குச் செலுத்துங்கள். வழிகாட்ட எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) போதும். ஈசிஜியில் ஒவ்வொரு பேசிங் கோட்டுக்குப் பின்னும் அகன்ற கியூஆர்எஸ் வருகிறதா என்று பாருங்கள். முகத் தமனியில் கைவைத்து நாடியையும் சரிபாருங்கள், ஈசிஜியை மட்டும் நம்ப வேண்டாம். இதயம் பின்தொடராத புள்ளி வரை மின்னழுத்தத்தைக் குறைத்து வரம்பைக் கண்டறியுங்கள். பிறகு குறைந்தது அதன் இரு மடங்கில் வையுங்கள். மார்பில் ஒட்டும் பேசிங் பட்டைகளை நம்பாதீர்கள். அவ்வளவு தடித்த மார்புச் சுவரைக் கடந்து போதிய மின்னோட்டம் போவதில்லை.

நிரந்தர பேஸ்மேக்கரையும் நின்ற நிலையிலேயே வைப்பது நல்லது. மயக்கம் தெளிந்து தடுமாறி எழும்போது கம்பி நகரும் ஆபத்து அதில் இல்லை. மனிதருக்கான 52, 58 செ.மீ. கம்பிகள் பெரும்பாலும் குட்டையாகிவிடும். தொய்வு போதாவிட்டால் தலையை உயர்த்தும்போது முனை பிடுங்கிக்கொள்ளும். அதிகமானால் உள்ளே சுருண்டு கூடுதல் துடிப்புகளைக் கிளப்பும். ஒருமுனை மின்கத்தி வேண்டாம்: அதன் இரைச்சலை இதயத் துடிப்பு என்று எண்ணி பேஸ்மேக்கர் நின்றுவிடும். நிரந்தரக் கம்பி சோதனையில் தேறும் வரை தற்காலிகக் கம்பி உள்ளேயே இருக்கட்டும்.

கேள்வி: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (மேலறை ஒழுங்கின்றித் துடிப்பது) குவினிடின் மருந்தா, மின் அதிர்ச்சியா?

பதில்: ஓய்வுத் துடிப்பு 60-க்கு மேல் இருந்தாலோ, எக்கோவில் இடது மேலறை பெருத்திருந்தாலோ இரண்டும் வேண்டாம், அடியில் இதய நோய் இருக்கக்கூடும். மற்றவற்றுக்கு, குவினிடின் சல்ஃபேட் கிலோவுக்கு 22 மி.கி., மூக்குக் குழாய் வழியாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. கியூஆர்எஸ் அகலம் முதல் பதிவைவிட 25 விழுக்காடு கூடினால் உடனே நிறுத்துங்கள். கழிச்சல், மூக்கு வீக்கம், தள்ளாட்டம் வந்தாலும் அப்படியே.

மின் அதிர்ச்சிக்கு ஒரு மின்முனை இடது நுரையீரல் தமனியில், மற்றொன்று வலது மேலறையில். வலி கடுமை என்பதால் முழு மயக்கம் வேண்டும். 125 ஜூலில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றலாம். குதிரையின் டி அலை (துடித்த கீழறை மீளும்போது வரும் அலை) பெரிது. கருவி அதை ஆர் அலை (கியூஆர்எஸின் உச்சி) என்று எடுத்துக்கொள்ளக்கூடும். டி அலை மேல் அதிர்ச்சி விழுந்தால் கீழறை ஃபிப்ரிலேஷன்தான். பெரிய குதிரையை அதிலிருந்து மீட்பது மிக அரிது. எனவே சார்ஜ் ஏற்றும் முன் திரையின் ஒத்திசைவுக் குறி ஒவ்வொரு துடிப்பிலும் ஆர் அலை மேலேயே நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஈசிஜி முனைகளை இடம் மாற்றுங்கள். அதிர்ச்சிக்குப் பின் இதயம் சற்று நின்றுவிடலாம். பேசிங் கருவி இணைப்போடு தயாராக இருக்கட்டும்.