அப்பாவைப் பற்றி எழுதலாமா?

கேள்வி: மறதிநோய் வந்த அப்பாவைக் கவனித்துக்கொள்வதைப் புத்தகமாக எழுத ஆசை. அவர் மானம் போய்விடுமோ என்று தயக்கம்.
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: தாராளமாக எழுதுங்கள். அல்சைமர் வகை மறதிநோயில் பெரும்பாலும் முதலில் நழுவுவது அண்மை நினைவுதான். பழசு இன்னும் கொஞ்ச காலம் தங்கும். அதனால் இன்றே ஒரு நோட்டு எடுத்து, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே குறித்து வையுங்கள். என் அம்மாவுக்கு என் பெயர் போய்விட்டது. ஆனால் ஜூன் 12 மேட்டூர் திறப்பு, குறுவை நாற்றங்கால் எல்லாம் வாயில் வரும். சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, "வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சா?" என்று வாசலையே பார்ப்பார். குளியலறைச் சங்கடங்களை மட்டும், உங்கள் அப்பா தெளிவாக இருந்தால் சம்மதிப்பாரா என்று யோசித்து எழுதுங்கள். உங்கள் கோபத்தை, தூக்கமில்லாத இரவுகளை மறைக்காதீர்கள். அப்புறம், அச்சுக்கு முன் உடன்பிறந்தவர்களிடம் படிக்கக் கொடுங்கள்.