ஒரு நாடு தன் தபால்தலையையும் ரூபாய் நோட்டையும் வெளிநாட்டில் அச்சடித்து வாங்குமா? வாங்கினால் இறக்குமதிக் கணக்கில் அது எப்படி வரும்?

வாங்கும். நாமே வாங்கியிருக்கிறோம்.

என் தாத்தா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். எஸ்டேட்டுக்கு வரும் கடித உறைகளைத் தண்ணீரில் ஊறவைத்து, ஸ்டாம்பைப் பக்குவமாக உரித்து, உலர்த்தி, காபித்தூள் டின் ஒன்றில் போட்டு வைப்பார். அந்த டின் இப்போது சேலத்தில் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதில் நான் உயிராக வைத்திருப்பது 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான ஒன்றரையணா காந்தி ஸ்டாம்பு. பழுப்பு நிறம். ஓரத்தில் தபால் முத்திரையின் பாதி வட்டம். அது அச்சானது சுவிட்சர்லாந்தில், கூர்வாசியே என்ற அச்சகத்தில். "கதர் கட்டுங்கன்னு ஊர் ஊராப் போய்ச் சொன்ன மனுசரு படத்தைச் சீமையில அச்சடிச்சாங்களே கண்ணு" என்று தாத்தா கடைசிவரை ஆற்றாமையோடு சொல்வார்.

அதற்கு முன்னும் கதை அதுதான். 1854இல் கல்கத்தாவிலேயே ஸ்டாம்பு அச்சிட்டார்கள். அடுத்த வருடமே வேலை லண்டன் டி லா ரூ நிறுவனத்துக்குப் போய்விட்டது. 1920களின் நடுவில் நாசிக் அச்சகம் வரும்வரை, ஏறக்குறைய எழுபது வருடம் இந்திய ஸ்டாம்பு கப்பலில்தான் வந்து இறங்கியது.

நான் பார்ப்பது, ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குக்குச் சுங்க வேலை முடித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை. ஜவ்வரிசி, துணி, கொலுசு என்று சேலத்துச் சரக்குக்கெல்லாம் எச்.எஸ். குறியீடு, அதாவது சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எண், போட்டுப் போட்டுக் கை பழகிவிட்டது. ஒருநாள் அந்தக் காந்தி ஸ்டாம்புக்கு என்ன குறியீடு என்று தேடினேன். செல்லுபடியாகும், இன்னும் ஒட்டாத ஸ்டாம்பு என்றால் 4907. அச்சுப் பொருட்களுக்கான 49ஆம் அத்தியாயம். ரூபாய் நோட்டு, செக் தாள், பங்குப் பத்திரம், முத்திரைத்தாள் எல்லாம் அதோடு ஒரே வரியில் வருகின்றன. முத்திரை விழுந்துவிட்டாலோ, புழக்கத்திலிருந்து போய்விட்டாலோ அதே தாள் 9704க்கு மாறிவிடுகிறது. ஓவியம், சிற்பம், பழம்பொருள் இருக்கும் 97ஆம் அத்தியாயம்! தபால்காரர் ஓங்கி ஒரு குத்துக் குத்தியதில் கலைப்பொருளாகிவிட்டதே என்று அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. பலர் தடுமாறுவது இங்கேதான். 1997-98இல் நம் அச்சகங்களால் தேவைக்கு ஈடு கொடுக்க முடியாமல், அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியைச் சேர்ந்த மூன்று நிறுவனங்களிடம் நோட்டு அச்சடித்து வாங்கினார்கள். நூறு ரூபாய் 200 கோடி தாள், ஐந்நூறு ரூபாய் 160 கோடி தாள். முகமதிப்பைக் கூட்டினால் 1 லட்சம் கோடி ரூபாய். அப்படியானால் அந்த வருடம் 1 லட்சம் கோடிக்கு இறக்குமதியா? இல்லை. இன்னும் புழக்கத்துக்கு விடாத நோட்டை அச்சடித்த தாளின் விலைக்குத்தான் மதிப்பிட வேண்டும் என்பது ஐ.நா. வர்த்தகப் புள்ளிவிவர விதி. அதன்மேல் என்ன எண் போட்டிருந்தாலும் கணக்கில்லை. புழக்கத்துக்கு வந்துவிட்ட நோட்டோ சரக்கு வர்த்தகத்திலேயே சேராது.

எங்கள் ஊர் இரும்பாலையை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். அங்கே எவர்சில்வர் தகட்டிலிருந்து நாணய வில்லைகள் வெட்டி அரசு நாணயச் சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். இரும்பாலை வாசலைத் தாண்டும்போது அது எடை போட்டு விற்கிற எஃகு. நாணயச் சாலையில் அச்சு விழுந்து புழக்கத்துக்கு வந்த பிறகுதான் காசு.

விலை சின்னதாக இருக்கலாம். ஆனால் அச்சுத்தகடு அடுத்தவன் கையில் இருப்பது சின்ன விஷயமில்லை. நாடாளுமன்றப் பொதுத்துறைக் குழு 2010இல் அந்த வெளிநாட்டு அச்சைக் கடுமையாகக் கண்டித்தது. கூடுதலாகச் சில தாள் ஓட்டி வைத்துக்கொண்டால் யார் தடுப்பது என்ற பயம்தான். அந்தக் கண்டனம் நியாயம் என்றே நினைக்கிறேன். ரிசர்வ் வங்கி 1995இல் தொடங்கிய நோட்டு அச்சு நிறுவனத்தின் அச்சகங்கள் மைசூரிலும் மேற்கு வங்கத்துச் சால்போனியிலும் ஓடுவது எனக்குப் பெரிய நிம்மதி.

அதற்காக வெளியே வாங்குகிற நாடுகளையெல்லாம் குறை சொல்ல மாட்டேன். சில லட்சம் மக்கள் உள்ள தீவு நாடு அச்சகம் கட்டினால், வருடத்தில் சில வாரம் ஓட்டிவிட்டு மீதி நாள் பூட்டித்தான் வைக்க வேண்டும். பணக்கார நாடும் வாங்குகிறது. பிரிட்டன் 2020 முதல் கொடுக்கும் நீலப் பாஸ்போர்ட் போலந்தில் தயாராவது. பிரான்சில் பூலசாக் என்ற ஊரில் இருக்கும் ஸ்டாம்பு அச்சகம் வேறு பல நாடுகளுக்கும் அடித்துக் கொடுக்கிறது.

ஸ்டாம்பு சேர்ப்பவராக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பட்டாம்பூச்சி, ரயில் என்று அழகழகாக, ஏதோ ஒரு சிறு நாட்டின் பெயரில் ஆன்லைனில் மலிவாக வருவதில் பலவற்றுக்கு அந்த நாட்டுத் தபால் துறைக்கே சம்பந்தமிருக்காது. நானும் ஒருமுறை அப்படி வாங்கி ஏமாந்தேன். மகளின் பிறந்தநாளுக்கென்று ஆசையாக வாங்கியது. உலகத் தபால் ஒன்றியம் 2002 முதல் உண்மையான வெளியீடுகளைப் பதிவு செய்து எண் கொடுக்கிறது. டபிள்யூ.என்.எஸ். என்பார்கள். பட்டியல் இணையத்திலேயே இருக்கிறது, பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நம் நாட்டுக் கணக்கைத் தேடும்போது 4907 என்று மட்டும் போட்டு வரும் தொகையை நம்பிவிடாதீர்கள். எட்டு இலக்கம் வரை போங்கள். 4907 00 10 ஸ்டாம்பு, 4907 00 20 நோட்டு. 4907 00 30 என்பது மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமைப் பத்திரம். அதற்கும் தபால்தலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.