பனிச்சறுக்குக்கு எந்த ஜாக்கெட் வாங்குவது? கொங்கு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

டிசம்பர் பிறந்தால் கோவை, திருப்பூர் பக்கமிருந்து குல்மார்க், ஆலி, சோலாங் என்று வடக்கே இமயமலைப் பனிக்குக் கிளம்புகிறவர்கள் இப்போது நிறைய. அதில் ஸ்னோபோர்டு, அதாவது இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிச் சறுக்குவது, கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் முதலில் கேட்பது ஜாக்கெட்டைப் பற்றித்தான். திருப்பூரில் துணிகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன், பனிக்காலத்தில் போர்டும் ஓட்டுகிறேன். வந்த கேள்விகளுக்கு இரண்டு அனுபவத்தையும் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கோவை: அக்கா, ஜனவரியில் குல்மார்க் போறோம். கடையில இருக்கறதுலயே தடிமனான ஜாக்கெட்டா வாங்கிரலாமுங்களா?

வேண்டாம் தம்பி. வெயில் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், அதனால்தான் இதிலிருந்து ஆரம்பிக்கிறேன். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள கண்டோலா என்ற கம்பிவட வண்டியின் இரண்டாம் கட்டம் உங்களை 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடும். 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும், மேலே காற்றும் அடிக்கும். குளிர் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போர்டு கற்றுக்கொள்கிறவர் விழுவார், எழுவார், போர்டைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறுவார். அரை மணி நேரத்தில் முதுகெல்லாம் வியர்த்துவிடும். தடி ஜாக்கெட்டுக்குள் அந்த வியர்வை வெளியேற வழியில்லாமல் தேங்கும். அப்புறம் சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்டில் சும்மா உட்காரும்போது நடுக்கம் பிடிக்கும். பனியில் ஆளைப் படுத்துவது பெரும்பாலும் ஈரம்தான்.

ஆகவே மூன்று அடுக்காகப் போடுங்கள். உடம்போடு ஒட்டி மெல்லிய பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், வெளியே நீரும் காற்றும் புகாத ஷெல் ஜாக்கெட். சூடானால் நடு அடுக்கைக் கழற்றிப் பையில் போடலாம். ஒரே தடி ஜாக்கெட்டில் அது நடக்காது. உங்களுக்குக் குளிர் சீக்கிரம் ஏறும் என்றால், உள்ளே மெல்லிய பஞ்சு வைத்த ஜாக்கெட் எடுக்கலாம். 40 முதல் 60 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) பஞ்சு போதும்.

திருப்பூர்: உள்ளே போட நம்ம ஊர் காட்டன் பனியன் போதாதுங்களா?

நம் ஊர்ச் சோறே அதில்தான் வருகிறது, ஆனாலும் பனிக்கு அதை எடுத்துப் போகாதீர்கள். பருத்தியின் ஈரப்பிடிப்பு, அதாவது காற்றிலிருந்து இழுத்து வைத்துக்கொள்ளும் ஈரம், 8.5 சதவீதம், பாலியஸ்டருக்கு 0.4 என்பது மில்லில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். வியர்வையைக் குடித்த பருத்தி உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், லேசில் காயாது. கம்பளி இன்னும் அதிக ஈரத்தை வாங்கும்தான். ஆனால் இழைகள் சுருண்டு நிற்பதால் நடுவில் காற்று தங்குகிறது, நனைந்தாலும் கதகதப்பு முழுக்கப் போய்விடாது. காலுறைக்கும் இதே கணக்குதான்.

ஈரோடு: லேபிளில் 10 கே / 10 கே என்று போட்டிருக்கிறதே, அது என்ன? எவ்வளவு இருந்தால் நல்லது?

கே என்றால் ஆயிரம். முதல் எண் நீர் தாங்கும் அளவு. சோதனையில் துணியை வளையத்தில் இறுக்கிப் பிடித்து, ஒரு பக்கம் நீரழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவோம். மறுபக்கம் மூன்று இடத்தில் துளி தெரிந்தால் அங்கே நிறுத்தி அளவைக் குறிப்போம். 10,000 மில்லிமீட்டர் என்றால், மூன்று மாடி உயரத்துக்கு ஒரு குழாயில் தண்ணீர் நின்றால் அடியில் என்ன அழுத்தமோ அதைத் துணி தாங்குகிறது என்று அர்த்தம்.

வானத்திலிருந்து விழும் பனிக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்பீர்கள். விழுகிற பனிக்கு இவ்வளவு தேவையில்லைதான். நீங்கள் ஈரப்பனியில் உட்காருகிறீர்கள், முட்டி போடுகிறீர்கள், முழங்கையை ஊன்றி எழுகிறீர்கள். அந்த இடங்களில் உங்கள் எடையே நீரை உள்ளே தள்ளுகிறது. ஸ்கீ ஓட்டுகிறவரைவிட போர்டுக்காரர் தரையில் இருக்கும் நேரம் அதிகம். அதனால் 10,000க்குக் கீழே போகாதீர்கள். 15,000 கிடைத்தால் நிம்மதி. 20,000 என்பது நாள் முழுக்க ஈரப்பனியிலோ, சீர்செய்யாத மலைச்சரிவுகளிலோ ஓட்டுகிறவர்களுக்கு. ஜாக்கெட்டுக்குப் பணம் கொட்டிவிட்டு பேன்ட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். முதலில் நனைவது பேன்ட்தான்.

இரண்டாவது எண், ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவி வெளியேறுகிறது என்பது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். இதைச் சோதிக்கப் பல முறைகள் உண்டு. ஒரே துணிக்கு ஒரு முறையில் வரும் எண் வேறு, இன்னொன்றில் வரும் எண் வேறு. ஆகவே ஒரு கம்பெனியின் 15,000ஐ இன்னொரு கம்பெனியின் 10,000ஓடு நேராக ஒப்பிட முடியாது. நான் முதலில் பார்ப்பது அக்குளில் ஜிப் இருக்கிறதா என்றுதான். அதைத் திறந்தால் வெளியேறும் அளவுக்குச் சூடு எந்தத் துணி வழியாகவும் வெளியேறாது.

திருப்பூர், கட்டிங் மாஸ்டர்: துணி எவ்வளவு நல்லதா இருந்தாலும் ஊசி போன இடமெல்லாம் ஓட்டைதானே?

சரியாகப் பிடித்தீர்கள் அண்ணா. அதனால்தான் தையலின் மேல் உள்பக்கமாகச் சூடான காற்றில் டேப் ஒட்டுகிறார்கள். எல்லாத் தையலுக்கும் ஒட்டியிருந்தால் முழு டேப். தோள், கழுத்து, ஹூட் போன்ற இடங்களுக்கு மட்டும் ஒட்டியிருந்தால் அது முக்கிய இட டேப், விலை குறையும். குளிர்ந்து காய்ந்த பனிக்கு இரண்டாவதே போதும். மார்ச்சில் போனால் பனி ஈரமாக இருக்கும், அதற்கு முழு டேப் வேண்டும். உள்துணி வைத்த ஜாக்கெட்டில் டேப் கண்ணுக்குத் தெரியாது, லேபிளைத்தான் நம்ப வேண்டும். உள்துணி இல்லாத, மூன்று படலத்தை ஒன்றாக ஒட்டிய துணியில் தைத்த ஜாக்கெட்டைப் புரட்டிப் பார்த்தால் உங்கள் கண்ணுக்கு எல்லாம் தெரிந்துவிடும். முனைகளில் டேப் தூக்கியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பொள்ளாச்சி: புல்லட்டுக்கு வெச்சிருக்கற ரைடிங் ஜாக்கெட்டே போதாதுங்களா?

போதாது. அது விறைப்பு, கனம், நீளமும் குறைவு. போர்டு ஓட்டுகிறவர் பனியில் உட்கார்ந்து, குனிந்து பைண்டிங்கை (பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பிடியை) மாட்ட வேண்டும். பின்பக்கம் நீண்டு இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டும், உள்ளே இடுப்பைச் சுற்றி எலாஸ்டிக் போட்ட பனித்தடுப்புப் பாவாடையும் வேண்டும். அது இல்லையென்றால் விழும்போது அடியிலிருந்து பனி முதுகுக்கு ஏறும்.

கடையில் அளவு பார்க்கும்போது ஃப்ளீஸையும் போட்டுக்கொண்டு பாருங்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள், இடுப்பு தெரியக்கூடாது. குத்தவைத்து உட்கார்ந்து கால்விரலைத் தொடுங்கள், தோளில் இழுக்கக்கூடாது. ஹெல்மெட் போட்டு அதன்மேல் ஹூட்டை இழுத்துத் தலையை இருபுறமும் திருப்புங்கள். கூச்சப்படாமல் செய்யுங்கள், லேபிளில் எழுதாத விஷயம் எல்லாம் இதில்தான் தெரியும்.

கரூர்: இறகு வைத்தது நல்லதா, பாலியஸ்டர் பஞ்சு நல்லதா?

எடைக்கு எடை இறகுதான் கதகதப்பு. ஆனால் நனைந்தால் கட்டி கட்டியாகச் சேர்ந்து அமுங்கிவிடும். விழுந்து எழும் ஆளுக்குப் பாலியஸ்டர் பஞ்சு. இறகு ஜாக்கெட்டைச் சாயங்காலம் கடைத்தெருவில் போட்டுக்கொள்ளலாம்.

உடுமலை: ரெக்கோ இருக்கற ஜாக்கெட் இருந்தா பனிச்சரிவுல பயமில்லைங்களா அக்கா?

அப்படி நினைக்காதீங்க அம்மணி. அது மின்கலம் இல்லாத ஒரு சிறு பிரதிபலிப்பான். மீட்புக் குழு அதற்குரிய கருவியோடு வந்து தேடினால் மட்டுமே பயன்படும். பக்கத்தில் இருக்கும் நண்பரால் அதை வைத்து உங்களைக் கண்டுபிடிக்க முடியாது. குல்மார்க்கில் இரண்டாம் கட்டத்துக்கு மேலே பனிச்சரிவு அபாயம் உண்மையானது. அங்கே ஓட்ட வேண்டுமானால் பனிச்சரிவில் புதைந்தவரைச் சமிக்ஞை வைத்துத் தேடும் டிரான்சீவர், மண்வெட்டி, பனிக்குள் குத்தித் தேடும் ஆய்வுக்கோல் மூன்றும் வேண்டும். அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த துணையும் வழிகாட்டியும் வேண்டும். அதுவரை கீழே இருக்கும் சரிவுகளே போதும். நிறம் அடர்த்தியாக, பளிச்சென்று இருக்கட்டும். வெள்ளை மட்டும் வேண்டாம்.

பெருந்துறை: போன வருசம் வாங்கினது இப்ப ஒழுகுது. துவைச்சா கெட்டுப்போகும்னு துவைக்கவே இல்லை.

துவைக்காததுதான் காரணமாக இருக்கும். மேல்துணியில் நீரை உருட்டிவிடும் ஒரு பூச்சு உண்டு. அழுக்கும் எண்ணெயும் ஏறினால் அது வேலை செய்யாது. துணி நீரைக் குடித்து, உள்ளிருக்கும் நீராவி வெளியேற முடியாமல் அடைபடும். நீங்கள் ஒழுகல் என்று நினைப்பது உங்கள் வியர்வையாகவே இருக்கலாம். இப்போது வரும் ஃப்ளூரின் இல்லாத பூச்சுகள் சுற்றுச்சூழலுக்கு நல்லவை, ஆனால் எண்ணெயைத் தள்ளாது. கழுத்துப் பட்டையில் சன்ஸ்கிரீன் படிகிற இடம் முதலில் போகும்.

ஜிப்புகளை மூடி, திரவ சோப்பில் மென்மையாகத் துவைத்து, இரண்டு முறை நன்றாக அலசுங்கள். கம்ஃபர்ட் மாதிரி மென்மையூட்டி ஒரு சொட்டுகூட வேண்டாம். காய்ந்த பிறகு, லேபிள் அனுமதித்தால், மேலே ஒரு துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். பூச்சு மீண்டும் எழும். தண்ணீர் தெளித்தால் உருண்டு ஓட வேண்டும், ஓடவில்லையென்றால் பூச்சுத் திரவம் வாங்கிப் போடுங்கள்.

இன்னொன்று, ஈரத்தோடு சுருட்டி பீரோவுக்குள் திணிக்காதீர்கள். நம் ஊர்ச் சூடும் ஈரமும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் பாலியூரிதேன் பூச்சு செதில் செதிலாக உரியும். அப்புறம் அதை ஒட்ட முடியாது. தொங்கவிட்டு வையுங்கள்.

தாராபுரம்: ஒரே ஒரு தடவை போறதுக்கு இவ்வளவு செலவு பண்ணோணுமா?

வேண்டாம். ஜாக்கெட், பேன்ட், பூட்ஸ் எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். உள் அடுக்கு, காலுறை, கையுறை, கண்ணாடி இவற்றை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். வாடகை ஜாக்கெட்டை எடுக்கும்போது கையில் கொஞ்சம் தண்ணீர் கொண்டுபோய்த் தோளில் ஊற்றிப் பாருங்கள். உருண்டால் எடுங்கள், ஊறினால் அடுத்ததைக் கேளுங்கள்.