காகித விமானம் வாங்குவோர் கேள்வி-பதில்: 'எந்த அளவிலும் அச்சிடலாம்' என்று விற்றால்…

கேள்வி: வெட்டி ஒட்டிச் செய்யும் காகித மாதிரி விமானம், 1:33 அளவு (அசலில் 33இல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் சண்டை விமானம்; அதன் கோப்பை வீட்டில் அச்சிட்டேன். உள்ளே எலும்புக்கூடு போல நிற்கும், லேசரில் வெட்டிய அட்டைச் சட்டங்களைத் தனியே வாங்கினேன். உடற்பகுதித் தாளைச் சட்டத்தின் மேல் சுற்றினால் விளிம்புகள் சேரவில்லை, 4 மி.மீ. வரை இடைவெளி. சட்டம் விற்றவர் பணம் தர மறுக்கிறார்.

பதில்: அவர் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வை அப்படியே விட்டிருப்பீர்கள். கோப்பின் ஓரத்தில் அளவுக்கோடு இருந்தால் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 100 மி.மீ. இருக்க வேண்டிய கோடு 97 காட்டினால், விட்டம் 40 மி.மீ. உள்ள சட்டத்தில் அந்த 3 சதவீதம் 1.2 மி.மீ. ஆகிறது, சுற்றளவில் ஏறக்குறைய 3.8 மி.மீ. நீங்கள் சொல்லும் இடைவெளி அதுதான். 'உண்மை அளவு, 100%' என்று வைத்து முதலில் ஒரே ஒரு பக்கம் அச்சிடுங்கள். நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளந்து, இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் மீதியை அச்சிடுங்கள். அமெரிக்க லெட்டர் தாளுக்கு அமைத்த கோப்பென்றால் கூடுதல் கவனம் தேவை. அது 216 × 279 மி.மீ.; ஏ4 தாள் 210 × 297. பக்கவாட்டு ஓரத்தில் இருக்கும் பாகம் வெட்டுப்பட்டுப் போகும்.

கேள்வி: மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமான மாதிரியை ஒரு பதிப்பகத்தில் வாங்கினேன். அதே விமானத்துக்கு வேறொரு பதிப்பகத்தின் லேசர் சட்டம் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வரைந்தவர் வேறு, பொருந்தாது. வாங்காதீர்கள்.

கேள்வி: 160 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 160 கிராம்) என்று அச்சிட்ட தாள் கட்டு ஒன்று வாங்கினேன். தொட்டாலே மெல்லிசாக இருக்கிறது. இறக்கை மேலுறை அலை அலையாக வருகிறது. 'உங்கள் கற்பனை' என்கிறார் விற்றவர்.

பதில்: கற்பனையா இல்லையா என்பதைத் தராசு சொல்லிவிடும். ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. 160 ஜி.எஸ்.எம். தாள் ஒன்றின் எடை 10 கிராம். பத்துத் தாள் 100 கிராம் இருக்க வேண்டும். காற்றின் ஈரத்தால் ஓரிரு கிராம் முன்பின் ஆகலாம். 80 கிராம்தான் காட்டுகிறது என்றால் உங்களுக்கு வந்தது 128 ஜி.எஸ்.எம்.; ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். கட்டின் உறை, எண்ணிய பத்துத் தாள், தராசின் எண் மூன்றும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து அனுப்புங்கள். கணக்கையும் கூடவே எழுதிவிடுங்கள். கணக்கோடு வரும் புகாரை 'கற்பனை' என்று தள்ளுவது கடினம். கோபத்தில் 250 ஜி.எஸ்.எம். தாளுக்குத் தாவிவிடாதீர்கள், மூக்குக் கூம்பில் சுருட்டும்போது அது மடிந்து உடையும்.

கேள்வி: 'எந்த அளவிலும் அச்சிட்டுக்கொள்ளலாம்' என்ற விளம்பரத்தைப் பார்த்து 1:33 கோப்பு வாங்கினேன். 1:16க்குப் பெரிதாக்கப் போகிறேன். 206% என்று கொடுத்தால் போதும்தானே?

பதில்: 33ஐ 16ஆல் வகுத்தால் 2.06. வகுத்தல் சரி. ஆனால் அந்த விளம்பர வாசகத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோடுகள் பெரிதாகும், காகிதத்தின் தடிமன் பெரிதாகாது. விற்பவருக்கு இது தெரியும், சொல்ல மாட்டார்.

முதலில் சட்டங்கள். 1 மி.மீ. அட்டைக்கென வரைந்த பிளவு, பெரிதாக்கிய பின் 2 மி.மீ.க்குச் சற்று மேல் இருக்கும். பழைய அட்டையையே செருகினால் சட்டம் ஆடும், உடற்பகுதி முறுக்கிக்கொள்ளும். இரண்டு அட்டைகளை ஒட்டி, கனமான புத்தகங்களின் கீழ் ஒரு நாள் வைத்துக் காய விட்டு, அதன் பிறகு வெட்ட வேண்டும். எல்லாச் சட்டங்களுக்கும் இதே வேலை.

அடுத்து மேலுறை. 25 மி.மீ.க்கு ஒன்றாக இருந்த சட்டங்கள் 50 மி.மீ. தள்ளிப் போகும். நடுவில் 160 ஜி.எஸ்.எம். தாள் உள்வாங்கி, பட்டினி மாட்டின் விலா போலச் சட்டங்கள் துருத்தித் தெரியும். இடையில் கூடுதல் சட்டம் போட வேண்டும், அல்லது மேலுறைக்கு உட்புறம் இன்னொரு தாள் ஒட்ட வேண்டும். உள்தாள் போட்டால் அதன் தடிமன் அளவுக்குச் சட்டங்களைச் சுற்றிலும் தேய்த்துக் குறைக்கவும் வேண்டும். அதைச் செய்யாவிட்டால் அடிப்பக்கத்தில் மேலுறையின் விளிம்புகள் சேராது.

பரப்பு நான்கு மடங்குக்கு மேல். எட்டுப் பக்கக் கோப்பு முப்பத்து நான்கு பக்கத் தாளைத் தின்னும், மையையும்தான். ஸ்பிட்ஃபயரின் இறக்கை வீச்சு 11.23 மீட்டர், 1:33இல் 34 செ.மீ., 1:16இல் 70 செ.மீ. ஒரு பக்க இறக்கை ஏ4 தாளில் அடங்காது. ஏ3 அச்சு வேண்டும், இல்லையேல் துண்டாக்கி ஒட்ட வேண்டும். துண்டாக்கினால் தகட்டு இணைப்புக்கோடு வரைந்திருக்கும் இடத்தில் வெட்டுங்கள், உள்ளே 8 மி.மீ. பட்டை கொடுங்கள். சக்கரக் கால்களுக்குள் இருந்த 1 மி.மீ. கம்பியை 2 மி.மீ. ஆக்குங்கள்; தாள், அட்டையின் தடிமனும் இரட்டித்தால் விமானத்தின் எடை எட்டு மடங்கு.

வாங்கும் முன் மாதிரிப் பக்கம் ஒன்று கேளுங்கள். திரையில் 800% பெரிதாக்கினால் கோட்டின் விளிம்பு படிக்கட்டாகத் தெரிகிறதா? அது வருடிய (ஸ்கேன் செய்த) படம். பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அடர்த்தி 145 ஆகக் குறைந்து, ஆணித்தலைகள் கறையாகும். இப்படி வாங்கிய கோப்புகள் என்னிடமும் கிடக்கின்றன, அச்சிடாமலே.

கேள்வி: 40 உருப்படி கொண்ட கருவிப்பெட்டி தள்ளுபடியில் வருகிறது.

பதில்: வரட்டும். உங்களுக்குத் தேவை ஒரு கூர்முனைக் கத்தி, நிறைய மாற்று அலகு, இரும்பு ஸ்கேல், கட்டிங் மேட், நுனி மெல்லிய இடுக்கி. பணத்தை அலகுகளில் போடுங்கள். மழுங்கிய அலகு காகிதத்தை வெட்டாது, கிழிக்கும்.

கேள்வி: அட்டைப்படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு ஒரு மாதிரி வாங்கினேன். மூன்று வாரம் உழைத்தும் உடற்பகுதியின் நடுத் துண்டுகள் சேரவே இல்லை. 'உங்கள் கைப்பழக்கம் போதாது' என்று பதில் வருகிறது.

பதில்: மனம் தளராதீர்கள். அட்டையில் இருப்பது கணினிப் படமாக இருக்கலாம். ஒருவரும் ஒட்டிப் பார்க்காமலே விற்பனைக்கு வந்த மாதிரிகள் உண்டு. கையை விட்டுவிட்டு வடிவமைப்பை அளப்போம். வெட்டாத பிரதி இருந்தால் நல்லது. வட்டச் சட்டம் ஒன்றின் விட்டம் 50 மி.மீ. என்றால் சுற்றளவு 157.1. தாளின் தடிமன் 0.2 மி.மீ.; அதற்காக 0.6 கூட்டினால் மேலுறையின் விளிம்பு, ஒட்டுப்பட்டை நீங்கலாக, 157.7 மி.மீ. வர வேண்டும். வட்டமல்லாத சட்டத்தைச் சுற்றி மெல்லிய தாள்பட்டை வைத்துக் குறித்து அளங்கள். ஒன்றில் அரை மி.மீ. பிசகினால் கையை ஐயப்படலாம். நான்கைந்து இடங்களில் ஒன்றரை, இரண்டு மி.மீ. வந்தால் கோளாறு வரைபடத்தில். பாக எண், இருக்கும் அளவு, இருக்க வேண்டிய அளவு என்று அட்டவணை போட்டு அனுப்பி, திருத்திய பக்கங்களையோ பணத்தையோ கேளுங்கள். அடுத்த முறை, வண்ணமில்லாமல் வெள்ளைத் தாளில் ஒட்டிய சோதனை மாதிரியின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: 'நீர்புகாத மை' என்று விற்ற இங்க்ஜெட் மை, வெள்ளைப் பசை பட்டதும் கலைகிறது.

பதில்: நீரில் கரையும் சாய மையை, கரையாத நிறமி மை என்று தலையில் கட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது. ஒரு நாள் காய்ந்த அச்சில் ஈர விரலை வைத்துப் பார்த்து, கலைந்தால் திருப்பிக் கொடுங்கள். அச்சிட்டு முடித்த தாள்களைக் காப்பாற்ற, வெட்டும் முன் நிறமற்ற அக்ரிலிக் வார்னிஷை இரண்டு மெல்லிய பூச்சாகத் தெளியுங்கள். முதலில் கழிவுத் துண்டில் சோதியுங்கள். ஒட்டுப்பட்டையில் தெளிக்காதீர்கள், பசை பிடிக்காது.

கேள்வி: வெட்டிய விளிம்பு வெள்ளையாகத் தெரிகிறது. அதற்கென்றே மார்க்கர் தொகுப்பு விற்கிறார்கள்.

பதில்: ஆல்கஹால் மார்க்கர் என்றால் வேண்டாம், ஊறி மேற்பக்கத்துக்கு வந்துவிடும். வாட்டர் கலரும் மெல்லிய தூரிகையும் போதும். உட்புறத்திலிருந்து தடவுங்கள், தண்ணீர் குறைவாக.

கேள்வி: இதுவரை ஒன்றும் ஒட்டியதில்லை. 1:33 அளவில் பி-17 குண்டுவீச்சு விமானம் வாங்கிவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இறக்கை வீச்சு 96 செ.மீ.; நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் ஒன்பது சிலிண்டர். பெட்டியை மூடி வைத்துவிட்டு ஒற்றை எஞ்சின் சண்டை விமானம் ஒன்றை ஒட்டுங்கள். பிறகு எழுதுங்கள்.